ஃப்ரீ ஐடிக்கு மட்டும் ஏன் இத்தனை பூட்டு?

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஆன்லைன் கேம் ஆடும் பையன்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் போய், "ஃப்ரீ ஐடியில ஏன் டிரேட் பண்ண முடியல?" என்று கேட்டுப் பாருங்கள். "காசு புடுங்கத்தாண்ணா, வேற இன்னாத்துக்கு?" என்று ஒரே குரலில் பதில் வரும். வீட்டுக்குள் அம்மாவிடம் கேட்டால் வேறு மாதிரி: "ஃப்ரீனு சொல்லித்தான் டவுன்லோட் பண்ணான். இப்போ சாட் பண்ண காசு, மேட்ச் ஆட காசுங்கறான். ஏதோ ஏமாத்து வேலை."

இரண்டு பதிலிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரிய பாதி இரண்டிலும் விடுபட்டுப் போகிறது. அது தெரியாததால்தான் வேலை செய்யாத மோட் ஏபிகே (யாரோ கை வைத்து மாற்றிய ஆப்), யாரோ விற்ற பழைய ஐடி, தேவையே இல்லாத மெம்பர்ஷிப் என்று பணம் தண்டமாகப் போகிறது. அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன். கேம் ஆடிப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் புரியும்.

## எதைப் பற்றிப் பேசுகிறோம்

பலர் ஒரே கேமை ஒரே நேரத்தில் இணையம் வழியாகச் சேர்ந்து ஆடுவது மல்டிபிளேயர். அதில் நுழைய நமக்கென்று ஒரு கணக்கு வேண்டும். நம் ஊரில் அதை 'ஐடி' என்கிறோம். பணம் கட்டாமல் திறக்கும் ஐடியில் சில வசதிகள் மூடப்பட்டிருக்கும்: எல்லோருக்கும் தெரியும்படி சாட் செய்வது, பொருளைக் கைமாற்றுவது (டிரேட்), தரவரிசைக்காக ஆடும் ரேங்க் போட்டி, குழு தொடங்குவது. இந்தக் கட்டுரை அந்தப் பூட்டுகளைப் பற்றியது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, வயதுக் கட்டுப்பாடு. பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2021-ல் வந்தபோதே 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஐடி ஃப்ரீயா காசு கட்டியதா என்பது அங்கே கணக்கில்லை. இன்னொன்று, பணம் வைத்து ஆடும் ரம்மி வகையறா. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் அந்தப் பண ஆட்டங்களைத் தடை செய்தது. "அப்போ கேமுக்கு மாசச் சந்தா கட்டினாலே குற்றமா?" என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். இல்லை. பந்தயப் பணமாக இல்லாத சந்தாவையும், ஒருமுறை கட்டும் நுழைவுக் கட்டணத்தையும் அந்தச் சட்டம் தனியாகப் பிரித்து அனுமதிக்கிறது.

## கேரம் கிளப்பில் ஒரு புதுமுகம்

தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை பக்கம் கேரம் கிளப்புகளுக்குப் பஞ்சமில்லை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான். இப்படி ஒரு கிளப்புக்குள் முன்பின் தெரியாத பையன் ஒருவன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். யாரும் விரட்ட மாட்டார்கள். ஓரத்தில் கிடக்கும் பழைய போர்டில் ஆடச் சொல்வார்கள். மேட்ச் போர்டு, நல்ல ஸ்ட்ரைக்கர், கிளப் சாவி இதெல்லாம் அன்றைக்கே கைக்கு வராது. முதலில் ஒரு கேள்வி வரும்: "எந்தத் தெருப்பா நீ? யார் வூட்டுப் பையன்?"

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. ஸ்ட்ரைக்கரைப் பையில் போட்டுக்கொண்டு அவன் போய்விட்டால் எங்கே போய்த் தேடுவது? தெரு தெரிந்தால் வீட்டில் போய்க் கேட்கலாம். கெட்ட பெயர் எடுத்தால் அந்தப் பெயர் அவனோடு கூடவே வரும். தப்பு செய்தால் இழக்க அவனிடம் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற உறுதிதான் கிளப்புக்கு வேண்டியது.

ஆன்லைனில் ஃப்ரீ ஐடிக்குத் தெரு கிடையாது. ஒரு மெயில் முகவரி இருந்தால் போதும், இரண்டு நிமிடத்தில் ஐடி தயார். அதைத் தடை செய்தால் அடுத்த இரண்டு நிமிடத்தில் இன்னொன்று. கேம் நடத்துபவர்கள் தரும் பெரிய தண்டனையே ஐடியைத் தடை செய்வதுதான். இழக்க ஒன்றும் இல்லாதவனுக்கு அந்தத் தண்டனை உறைக்கவே உறைக்காது. ஃப்ரீ ஐடி பூட்டுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

## பூட்டு விழும் இடங்கள்

பூட்டுகள் கண்டபடி விழுவதில்லை. ஒரு திருட்டு வியாபாரத்தின் வழியைப் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு பூட்டும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும்.

பெரிய ஆன்லைன் உலகங்களில் கேமுக்குள்ளேயே ஒரு நாணயம் இருக்கும். கோல்டு, கில் என்று கேமுக்கு ஒரு பெயர். மணிக்கணக்கில் ஆடினால்தான் அது சேரும். பொறுமை இல்லாதவர்கள் நிஜப் பணம் கொடுத்து வாங்கத் தயாராக இருப்பார்கள். அவர்களுக்கு விற்கவே ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் உட்கார்ந்து ஆடுவதில்லை, 'பாட்' வைத்திருப்பார்கள். மனிதனுக்குப் பதிலாகத் தானே கேமை ஆடும் புரோகிராம்தான் பாட். நூற்றுக்கணக்கான ஐடிகளில் நூற்றுக்கணக்கான பாட்கள் இராப்பகலாக ஒரே மரத்தை வெட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பாட்கள் சம்பாதித்த கோல்டு ஒரு கைக்கு வந்து சேர வேண்டும். டிரேட், தபால், ஏலக்கூடம் மூன்றும் அதற்கான வழிகள். சேர்ந்த கோல்டை விற்கும்வரை ஏதாவது ஒரு ஐடியில் பதுக்க வேண்டும். பிறகு விளம்பரம் வேண்டும். ஊர்ச் சாட்டில் "சீப் கோல்டு" என்று ஓயாமல் கத்துவது அதுதான். இப்போது 2011-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமின் இலவசப் பதிப்பு வந்தபோது எதையெல்லாம் மூடினார்கள் என்று பாருங்கள். டிரேட் இல்லை. தபால் இல்லை. ஏலக்கூடம் இல்லை. பொதுச் சாட் இல்லை. கில்டு எனப்படும் நிரந்தரக் குழுவில் சேர முடியாது, ஏனென்றால் குழுவின் பொதுப் பெட்டி வழியாகவும் பொருள் கைமாறும். 10 கோல்டுக்கு மேல் கையில் நிற்காது. லெவல் 20-க்கு மேல் போகவும் முடியாது. வியாபாரச் சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இன்னும் தாராளம். 2023 அக்டோபரிலிருந்து அதன் இலவச டிரயலில் லெவல் 70 வரை போகலாம். இத்தனை நாள்தான் என்ற கெடுவும் இல்லை. கதையை ஆடுவதற்கு அது நூற்றுக்கணக்கான மணி நேரம் தாங்கும். ஆனால் கில் 3 லட்சத்தோடு நின்றுவிடும், சந்தை மூடியிருக்கும், டிரேட் கிடையாது. ஆட்டத்தைத் திறந்துவிட்டு, கைமாற்றும் வழிகளை மட்டும் மூடியிருக்கிறார்கள். எனக்கு இந்த முறைமேல் மரியாதை உண்டு. இந்தப் பூட்டு யாரைப் பிடிக்கப் போட்டது என்று பார்த்த உடனே தெரிகிறது.

பூட்டே போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரூன்ஸ்கேப் ஒரு பாடம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஜாகெக்ஸ் நிறுவனத்தின் கேம் அது. 2007 வாக்கில் கோல்டு வியாபாரம் தலைக்கு மேல் போனது. திருட்டு கிரெடிட் கார்டில் மெம்பர்ஷிப் வாங்கி பாட் ஓட்டும் அளவுக்கு வந்துவிட்டது. நிறுவனம் 2008 ஜனவரியில் டிரேடையே கிட்டத்தட்ட முடக்கியது. ஃப்ரீ ஐடிக்கு மட்டுமில்லை, மாதாமாதம் காசு கட்டியவர்களுக்கும் சேர்த்து. நண்பனுக்கு ஒரு வாளைச் சும்மா கொடுக்கக்கூட முடியவில்லை. விளையாடியவர்கள் கொதித்துப் போனார்கள். நிறையப் பேர் விட்டுவிட்டே போனார்கள். வாக்கெடுப்பு நடத்தி 2011 பிப்ரவரியில்தான் பழையபடி டிரேடைத் திறந்தார்கள். ஐடிகளைத் தரம் பிரிக்காமல் மொத்தமாகப் பூட்டினால் நல்லவன் கையும் சேர்ந்தே கட்டப்படும் என்பதை அந்த மூன்று வருஷம் காட்டியது.

இதுவரை சொன்னதைக் கோத்துக்கொள்ளுங்கள்: ஃப்ரீ ஐடியை உருவாக்கச் செலவில்லை, அதனால் தடைக்குப் பயமில்லை, அதனால் திருட்டு வியாபாரத்துக்கு வசதியான கருவி அது. டிரேட், சாட், நாணய வரம்பு, குழு ஆகியவற்றில் விழும் பூட்டுகள் முதலில் அந்த வியாபாரத்தைக் குறிவைத்தவை.

## பூட்டு உங்கள் போனில் இல்லை

"மோட் ஏபிகே போட்டா எல்லாம் தொறந்துக்கும்ணா" என்று நம்பும் பையன்களுக்காக இந்தப் பகுதி.

உங்கள் போனில் இருப்பது கேமின் ஒரு பாதி. மறுபாதி நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது, அதன் பெயர் சர்வர். உங்கள் ஐடியின் கணக்கு முழுவதும் அங்கேதான்: லெவல், நாணயம், எத்தனை மணி நேரம் ஆடினீர்கள், போன் நம்பர் சரிபார்த்ததா, பணம் கட்டியாயிற்றா. 'டிரேட்' பட்டனை அழுத்தினால் போன் டிரேட் செய்வதில்லை. "இந்த ஐடி டிரேட் கேட்கிறது" என்று சர்வருக்கு ஒரு கோரிக்கை போகிறது. சர்வர் கணக்கைப் பார்த்து, அனுமதி இருந்தால் செய்கிறது, இல்லையென்றால் மறுக்கிறது. திரையில் தெரியும் சாம்பல் நிறப் பூட்டுப் படம் வெறும் தகவல் பலகை.

மோட் ஏபிகே என்பது யாரோ கை வைத்து மாற்றிய ஆப். அது தகவல் பலகையை மாற்றும். பூட்டுப் படம் போய்விடும், டைமண்ட் 99999 என்று காட்டும். அழுத்திப் பார்த்தால் சர்வர் மறுத்துவிடும். அதற்குள் அந்த ஆப் உங்கள் பாஸ்வேர்டை எங்கேயோ அனுப்பியிருக்கலாம். அப்பாவின் போனில் போட்டிருந்தால் பேங்க் ஆப்பும் ஓடிபியும் அதே போனில்தான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

"அப்போ சுவருக்குப் பின்னாடி ஆளைக் காட்டுற ஹேக் மட்டும் எப்படி வேலை செய்யுது?" நல்ல கேள்வி. எதிராளி மூலையைத் தாண்டி வந்த உடனே உங்கள் திரையில் வரைய வேண்டும். அதற்காக அவன் நிற்கும் இடத்தைச் சர்வர் சற்று முன்கூட்டியே உங்கள் போனுக்குச் சொல்லி வைக்கிறது. போனுக்கு ஏற்கெனவே வந்துவிட்ட தகவலைத் திருட முடியும். சர்வர் தானே எடுக்கும் முடிவை உங்கள் போனில் உட்கார்ந்துகொண்டு மாற்ற முடியாது. ஃப்ரீ ஐடியின் வரம்பு இந்த இரண்டாவது வகை.

## விலை பணமாகத்தான் இருக்க வேண்டுமா?

தண்டனை உறைக்க, ஐடிக்கு ஒரு விலை வேண்டும். அந்த விலையைக் கேம்கள் மூன்று விதமாகக் கேட்கின்றன.

முதலாவது நேரம். வேலரன்டில் ரேங்க் போட்டி ஆட ஐடி லெவல் 20-ஐத் தொட வேண்டும், ஒரு ரூபாய்கூட வேண்டாம். டோட்டா 2-வில் 100 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும். ரூன்ஸ்கேப்பின் பழைய பாணிப் பதிப்பில் புது ஃப்ரீ ஐடிக்கு இருக்கும் டிரேட் கட்டுப்பாடு, 20 மணி நேர ஆட்டம், கேம் தரும் பணிகளை முடித்தால் கிடைக்கும் குவெஸ்ட் பாயிண்ட் 10, மொத்த லெவல் 100 ஆகியவற்றைத் தொட்டதும் விலகிவிடும். பாடுபட்டு வளர்த்த ஐடியை இழக்க யாருக்கும் மனசு வராது, அதுதான் கணக்கு.

இரண்டாவது போன் நம்பர். டோட்டா 2 ரேங்க் போட்டிக்கு 2017 முதல் தனி நம்பர் ஒன்றை இணைக்க வேண்டும். ஒரு நம்பரை இரண்டு ஐடிக்குக் காட்ட முடியாது.

மூன்றாவதுதான் பணம். பிசியில் கேம் வாங்கும் ஸ்டீம் தளத்தில் 5 டாலர் செலவழிக்கும்வரை ஐடி 'லிமிடெட்'தான், ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட்கூட அனுப்ப முடியாது. 2015-ல் வந்த விதி இது.

நேரத்தை விலையாக வைத்தால் போதாதா, ஏன் பணத்துக்குப் போகிறார்கள்? கவுன்டர் ஸ்ட்ரைக்கில் நடந்ததைப் பார்க்கலாம். 2018 டிசம்பரில் அந்தக் கேம் இலவசமானது. லெவல் 21 வரை ஆடினால் 'பிரைம்' என்ற நம்பகமான தகுதி சும்மாவே கிடைத்தது. பாட்களுக்கு லெவல் 21 ஒரு பொருட்டா? ஆளில்லாமலே ஐடிகளை ஏற்றி விற்றார்கள், ஏமாற்றுக்காரர்கள் வாங்கினார்கள். 2021 ஜூனில் அந்தக் கேமை நடத்தும் வால்வ் நிறுவனம் அந்த வழியை மூடிவிட்டது. அதன்பின் பிரைம் வேண்டுமென்றால் காசுதான், அமெரிக்க விலை 14.99 டாலர். பிரைம் இல்லாதவருக்கு ரேங்க் கிடையாது, ஆடினால் பரிசாக விழும் பொருளும் கிடையாது. கேமிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து உட்காரும் நம் பையன், பிரைம் இல்லாத ஐடியில் ஏமாற்றுக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான் என்றால் அதன் பின்கதை இதுதான்.

போன் நம்பர் விலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது செலவே இல்லாதது போலத் தெரியும். ஆனால் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீடு ஒன்றில் அண்ணன், தம்பி இருவருக்கும் சேர்த்து அப்பாவின் நம்பர் ஒன்றுதான் இருக்கும். அண்ணன் முதலில் இணைத்துவிட்டால் தம்பிக்குக் கதவு சாத்தியாயிற்று. "நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று அந்தத் தம்பி கேட்டால் நியாயமான பதில் யாரிடமும் இல்லை. டீம் ஃபோர்ட்ரஸ் 2-விலும் இதே கதை. 2020-ல் பாட்கள் சாட்டிலும் மைக்கிலும் அசிங்கமாகக் கத்தி நிரப்பியதும் ஃப்ரீ ஐடிகளின் சாட்டையும் குரலையும் வால்வ் கட்டுப்படுத்தியது. "பின்னாடி ஆள் வர்றான்" என்று கூட்டாளியிடம் சொல்ல நினைத்த நல்ல பையனுக்கும் வாய்ப்பூட்டு. என் கருத்தில், கையில் காசில்லாத வீடுகள் நிறைந்த பகுதிகளுக்கு நேரம்தான் நியாயமான விலை. பணத்தையோ நம்பரையோ கேட்கும் கேம், பக்கத்திலேயே நேரத்தால் போகும் வழி ஒன்றையும் வைத்திருக்க வேண்டும். அதைப் பாட் ஏறாதபடி காப்பது நிறுவனத்தின் வேலை, பையனின் சுமை இல்லை.

## காசுக்காகவே போட்ட பூட்டு

பையன்கள் சொல்வதில் உள்ள உண்மைக்கு வருகிறேன். சில பூட்டுகளுக்குப் பாட்களும் காரணமில்லை, திருட்டும் காரணமில்லை, வெறும் வியாபாரம்தான்.

ஸ்டார் வார்ஸ் உலகை வைத்து வந்த தி ஓல்ட் ரிபப்ளிக் கேம் 2012 நவம்பரில் இலவசமானது. திரையின் அடியில் சண்டை வித்தைகளை அடுக்கி வைக்கும் பட்டன் வரிசைகள் உண்டு. ஃப்ரீ ஐடிக்கு அதில் இரண்டு வரிசைதான் கொடுத்தார்கள். லெவல் ஏற ஏற வித்தைகள் கூடும், வைக்க இடம் இருக்காது. பட்டன் வரிசையை மூடியதால் ஏதாவது ஒரு பாட் நின்றிருக்குமா? விளையாடுபவனின் விரல்களைக் கட்டிப்போட்டு, அவிழ்க்கக் காசு கேட்டார்கள். கடும் எதிர்ப்பு வந்ததும் நான்கு வரிசை ஆக்கினார்கள்.

நடுவில் நிற்கும் பூட்டுகளும் உண்டு. பப்ஜியின் பிசி பதிப்பு 2022 ஜனவரியில் இலவசமானபோது ரேங்க் மோடையும், நமக்குள் தனியாக நடத்திக்கொள்ளும் கஸ்டம் மேட்ச்சையும் 12.99 டாலர் 'பிளஸ்' கணக்குக்கு ஒதுக்கியது. ரேங்கைப் பூட்டியதற்கு ஏமாற்றுக்காரர்கள் ஒரு காரணம். கஸ்டம் மேட்ச்சுக்கோ தனியாக ஒரு சர்வர் இடம் ஒதுக்க வேண்டும், அதற்குச் செலவு உண்டு. நம் பையன்கள் மொபைலில் கஸ்டம் ரூம் போட, "எவன்கிட்டடா ரூம் கார்டு இருக்கு?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் தேடுவதும் இந்த வகைதான். லாபமும் அதில் கலந்தே இருக்கிறது.

இன்னொரு சொல்லையும் இங்கே நேராக்கிவிடலாம். காசு கட்டியவனின் துப்பாக்கி கூடுதலாகச் சுட்டால், அவன் உயிர் கூடுதலாகத் தாங்கினால், அதற்குப் பெயர் பே டு வின். சாட்டையோ டிரேடையோ பூட்டுவது அந்தக் கணக்கில் வராது. சட்டை, தொப்பி, துப்பாக்கி நிறம் விற்பதும் அதுவாகாது, அவை அழகுக்கு மட்டும்.

ஒரு பூட்டைப் பார்த்தால் இப்படி யோசித்துப் பாருங்கள்: ஆயிரம் போலி ஐடி வைத்திருப்பவனுக்கு இந்த வசதி கிடைத்தால் யாருக்குக் கேடு? மற்ற ஆட்டக்காரர்களுக்குக் கேடு என்றால் அது காவல் பூட்டு. யாருக்கும் கேடில்லை, உங்களுக்கு மட்டும் எரிச்சல் என்றால் அது விற்பனைப் பூட்டு.

## பழைய ஐடி வாங்குவது

"எல்லாம் தொறந்த ஐடி, 1,500-க்குத் தரேன்" என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஐடி விற்பதைப் பெரும்பாலான கேம்களின் விதிகள் தடை செய்கின்றன. அதைவிடப் பெரிய வம்பு, ஐடியைத் திறந்தவனின் மெயிலும் பழைய பில்லும் அவனிடமே இருக்கும். காசிமேட்டில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் மீன் ஏலத்தில் கூடை தூக்கிச் சேர்த்த காசில் இப்படி ஒரு ஐடி வாங்கினான். சில வாரத்தில் ஒரு காலை லாகின் ஆகவில்லை. விற்றவன், "என் ஐடியைத் திருடிவிட்டார்கள்" என்று நிறுவனத்துக்கு எழுதி மீட்டுக்கொண்டிருந்தான். பையன் யாரிடம் போய் முறையிடுவான்? விதியை மீறி வாங்கியவன் என்பதால் நிறுவனமும் கேட்காது. விற்ற நம்பர் சுவிட்ச் ஆஃப்.

## கட்டுவதை நிறுத்தினால்?

மாதச் சந்தா கேம்களில் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒரு மாதம் கட்டிவிட்டு அடுத்த மாதம் நிறுத்தினால் ஐடி எந்த நிலைக்குத் திரும்பும்? கேமுக்குக் கேம் மாறும்.

ஈவ் ஆன்லைனில் 2016 நவம்பரிலிருந்து ஃப்ரீ ஐடிக்கு ஆல்ஃபா என்றும் சந்தா ஐடிக்கு ஒமேகா என்றும் பெயர். சந்தா முடிந்தால் ஒமேகா ஆல்ஃபாவாகிவிடும். கற்ற திறமைகள் அழியாது, ஆனால் ஆல்ஃபாவுக்கு அனுமதி இல்லாதவற்றைப் பயன்படுத்த முடியாது. மறுபடி கட்டினால் மறுபடி திறக்கும். ரூன்ஸ்கேப்பிலும் மெம்பர் பொருட்கள் பெட்டியிலேயே தூங்கும், தொலையாது.

ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் வழி ஒருபக்கம்தான். டிரயல் ஐடியை ஒருமுறை முழுப் பதிப்புக்கு மாற்றிவிட்டால் அந்த ஐடியில் டிரயலுக்குத் திரும்ப முடியாது. சந்தா நின்ற மாதம் உள்ளேயே போக முடியாது, வருஷக்கணக்கில் வளர்த்த கதாபாத்திரம் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும். அந்தக் கேமை ஆடும் பையன், "லெவல் 70 ஆயிடுச்சு, வாங்கித் தாங்க" என்று கேட்டால், முதல் மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். அடுத்த ஆறு மாதமும் கட்ட வீட்டில் முடியுமா என்று அவனோடு உட்கார்ந்து பேசிவிட்டு, அதன் பிறகு 'அப்கிரேடு' பட்டனைத் தொடுங்கள்.